கள்ளுக்கடைச் சாளரமும் கோப்பிக் கடை மேசையும்

மலாக்கா நகரில் செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில், ஆ ஃபமோசா கோட்டை வாசலுக்கு அருகே, பொன்னிறக் குவிமாடங்களோடு ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. 1985 முதல் அது சுதந்திரப் பிரகடன நினைவகம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். எதிரே உள்ள திடலில்தான் 1956 பிப்ரவரி 20 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை அறிவித்தார். 1912இல் கட்டப்பட்டபோது அந்தக் கட்டடத்தின் பெயர் மலாக்கா கிளப். சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களின் துரைமார்களும் வெள்ளை அதிகாரிகளும் பொழுது சாய்ந்ததும் வந்து கூடிய இடம் அது.

மலாயாவில் இப்படிப்பட்ட கிளப்புகளில் மது கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. உறுப்பினர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். “பாய்!” என்று ஒரு குரல் கொடுப்பார். சீனரோ தமிழரோ மலாய்க்காரரோ, தலை நரைத்தவராகவே இருந்தாலும், ஓடி வருகிறவர் “பாய்”தான். விஸ்கியோ பீரோ மேசைக்கு வரும். காசு கைமாறாது. ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். மேசையில் நால்வர் இருந்தால் முதல் சுற்று ஒருவர் செலவு, அடுத்த சுற்று இன்னொருவர் செலவு. தன் முறை வரும்போது எழுந்து போகிறவரைப் பற்றி மறுநாள் பேச்சு வரும்.

அதே மாலையில், ஜாசினிலோ மெர்லிமாவிலோ அசகானிலோ, அந்தத் துரையின் மரங்களில் பால் வெட்டிய தமிழர் தோட்டத்துக் கள்ளுக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார். அங்கே சாளரத்தில் முதலில் காசு. பிறகு குவளை. நாற்காலி கிடையாது. நின்று குடிக்கலாம், அல்லது மரத்தடியில் குத்துக்காலிட்டுக் குடிக்கலாம். கடை திறந்திருப்பது சில மணி நேரம்தான் என்பதால் நிதானமாகக் குடிக்கவும் வழியில்லை.

மலாக்காத் தமிழரின் குடியைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். மேடைப்பேச்சு, நாடகம், சிறுகதை, தலையங்கம் என்று நூறு ஆண்டுகளாகப் பேசுகிறோம். எவ்வளவு குடித்தார்கள் என்பதே அந்தப் பேச்சில் பெரும்பகுதி. எப்படிக் கேட்டு வாங்கிக் குடிக்கவேண்டியிருந்தது என்று விசாரித்தவர் குறைவு. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. மதுக்கடையில் ஒருவர் நிற்கிறாரா உட்கார்கிறாரா, முன்பணம் கொடுக்கிறாரா கணக்கில் எழுதச் சொல்கிறாரா, தனக்கு மட்டும் கேட்கிறாரா கூட இருப்பவருக்கும் சேர்த்துக் கேட்கிறாரா என்பவற்றில் அவரை ஊர் எங்கே வைத்திருந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

ரப்பர் மலாக்கா மாநிலத்துக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலாக்காச் சீன வணிகர் டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் 3,000 ஏக்கர் அளவுக்கு விரித்தார். 1906இல் அந்தத் தோட்டம் லண்டன் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பிறகு கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். 1907இல் அமைந்த குடிநுழைவு நிதியிலிருந்து கப்பல் செலவு வந்தது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். லயன் வீடுகள், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை என்று தோட்டத்துக்கு ஒரு வரைபடம் இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அநேகமாக அதே வரைபடம்தான்.

இதில் கள்ளுக்கடை பின்னால் ஒட்டவைத்த ஒன்றல்ல. தொடுவாய்க் குடியேற்றங்கள் என்று பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆளப்பட்ட 19ஆம் நூற்றாண்டிலேயே அபினி, சாராயம், கள் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்து வந்தது. அந்த ஆட்சியின் வருமானத்தில் பெரிய பங்கு குடிப்பவர், புகைப்பவர் பையிலிருந்துதான் வந்தது. துறைமுக நகரத்தில் பழகிய அந்த ஏற்பாட்டை ரப்பர்க் காட்டுக்குள் கொண்டுபோனார்கள்.

கள்ளுக்கென்று ஓர் இயல்பு உண்டு. தென்னம்பாளையைச் சீவி இறக்கியதும் இனிப்பாக இருக்கும். சில மணி நேரத்தில் பொங்கிப் புளிக்கத் தொடங்கும். மாலைக்குள் ஒரு பீர் அளவுக்கு ஏறிவிடும். மறுநாளைக்கு வைத்தால் காடிதான். எனவே இறக்கிய அன்றே விற்றாக வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மங்கு மங்காகப் பால் எடுத்து, நிறுவையில் ஊற்றிவிட்டு வரும் ஆளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் ஓய்வு. கள்ளின் நேரமும் பால்வெட்டுக்காரரின் நேரமும் பொருந்திப்போனது தற்செயல். அதை ஓர் அமைப்பாக்கியது நிர்வாகத்தின் வேலை. பல தோட்டங்களில் கடையை நடத்தியதே நிர்வாகம்தான். கூலியைக் கொடுத்த கை, அதில் ஒரு பகுதியை அன்று மாலையே திரும்ப வாங்கிக்கொண்டது.

துரைமார்களிடம் இதற்கு ஒரு வாதம் இருந்தது. தோட்டத்தில் கடை இல்லாவிட்டால் ஆட்கள் டவுனுக்குப் போய் மலிவுச் சாராயமான சம்சுவைக் குடித்துக் கெடுவார்கள், கள் அளவானது, நம் கண்காணிப்பில் இருப்பது என்றார்கள். அதில் உண்மை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். புதுக் கள் சம்சுவைப் போலக் குடலை அறுக்காது. ஆனால் அந்த வாதத்தைச் சொன்னவர்கள் தாங்கள் குடித்த இடத்தில் யாருடைய கண்காணிப்பையும் ஏற்கவில்லை. இலாபத்தின் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கென்று கோயிலுக்கும் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் போனதும் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்கு நிர்வாகம் கொடுத்த நன்கொடை, பக்தர்கள் கள்ளுக்கடையில் ஏற்கெனவே கொடுத்த காசாக இருந்திருக்கிறது. அதற்கு மாலை போட்டு நன்றி சொல்லவும் வேண்டியிருந்தது.

தோட்டத்தில் மது எப்போதும் இப்படி நின்றபடிக் கேட்கப்பட்டதா என்றால், இல்லை. எல்லைக் காவலாக இருக்கும் முனியாண்டிக்குப் படையல் போடும்போது வேறு ஒழுங்கு வரும். சுருட்டு, கோழி, ஆட்டுக்கறி, கூடவே கள்ளோ சாராயமோ, பிற்காலத்தில் ஸ்டவுட் போத்தலோ வைப்பார்கள். முதலில் சாமிக்கு. பிறகு பூசாரிக்கு. பிறகு வயதில் மூத்தவர் தொடங்கி இளையவர் வரை. யாரும் காசு கொடுத்துக் கேட்பதில்லை, முறை வரும்போது கையேந்தி வாங்குவார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அந்த ஒழுங்கில் குடிக்கு நாள் இருந்தது, காரணம் இருந்தது, பங்கு இருந்தது. கள்ளுக்கடை அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வோர் ஆளையும் தனித்தனியாகச் சாளரத்தின் முன் நிறுத்தியது. திருவிழாவுக்கு உரியதைத் தினப்படிக்கு ஆக்கியது.

இதன் பாரம் விழுந்தது லயன் வீட்டுக்குள். ஆணும் பெண்ணும் ஒரே காட்டில் வேலை செய்தார்கள். பெண்ணுக்குக் கூலி குறைவு. அவள் பால்வாளி தூக்கி இறக்கிவிட்டு வந்து அடுப்பு மூட்டும்போது, அவன் கூலி குவளையில் போய்க்கொண்டிருக்கும். தோட்டத்துத் தாய்மார்கள் சம்பள நாளில் அலுவலக வாசலிலேயே காத்திருந்து புருஷன் கையிலிருந்து பணத்தை வாங்கிக்கொள்வார்கள் என்பது எந்தத் தோட்டத்து முதியவரைக் கேட்டாலும் கிடைக்கும் செய்தி. கள்ளை எதிர்த்த முதல் போராட்டம் அந்த வாசலில்தான் நடந்தது.

இரண்டாவது போராட்டம் வெளியே வந்தது. இந்தியாவில் காந்தியின் ஒத்துழையாமைக் காலத்திலேயே கள்ளுக்கடை மறியல் நடந்திருந்தது. ஈரோட்டுப் பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த செய்தி கடல் கடந்து வந்தது. 1929 இறுதியில் பெரியாரே மலாயாவுக்கு வந்தார். 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியபோது சீர்திருத்தப் பேச்சுக்கு ஓர் ஏடு கிடைத்தது. இந்தக் காற்றெல்லாம் தோட்டத்துக்குள் வீசிக்கொண்டிருந்தபோது, 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதன் அதன் முகமாக அறியப்பட்டார். கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் செத்தார்கள்.

அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும். கள்ளுக்கடைகளை மூடவேண்டும். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் வழக்கம் ஒழியவேண்டும். கூலியும் கள்ளும் சைக்கிளும் ஒரே தாளில் இருக்கின்றன. குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்த்த மேடைப் பேச்சாளர்களைவிட அந்தத் தொழிலாளர்களுக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. சைக்கிளிலிருந்து ஏன் இறக்கப்பட்டார்களோ, அதே காரணத்துக்காகத்தான் கள்ளுக்கடை முன்னால் நிறுத்தப்பட்டார்கள்.

சப்பானியர் ஆட்சி முடிந்ததும் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள், குடித்துவிட்டு வந்தவரைக் கட்டிவைத்துத் தண்டித்ததும் உண்டு. 1947இன் தொடக்க மாதங்களில் போலீசுடன் மோதலாகி உயிர்கள் போயின. மலாக்காத் தோட்டங்கள் இந்த இரண்டு வரலாறுகளிலும் முன்னணியில் இல்லை. ஆனால் சங்கம் கட்டும் வேகமும் கள்ளை வெறுக்கும் வேகமும் அந்த ஆண்டுகளில் தீபகற்பம் முழுவதும் பரவின, இங்கும் வந்தன.

கள்ளுக்கடையிலிருந்து ஆட்களை மெல்ல மெல்ல வெளியே இழுத்தது வேறொன்று என்று நான் நினைக்கிறேன். அது கடைத்தெருவில் இருந்த சீனர் கோப்பிக் கடை.

1930களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் அடுத்தடுத்து இரண்டு பீர் ஆலைகள் எழுந்தன. டைகர் ஒன்றிலிருந்து, ஆங்கர் மற்றொன்றிலிருந்து. 1965இல் பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவேயில் கின்னஸ் ஆலை. 1969இல் பதிவான கார்ல்ஸ்பெர்க் 1972 முதல் ஷா ஆலாமில் பீர் காய்ச்சியது. போத்தல் பீர் துரைமார் சரக்கு என்றிருந்த நிலை மாறி, ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா கடைத்தெருக்களில் எல்லோருக்கும் கிடைப்பதாயிற்று.

அந்தக் கடையில் வட்டமான பளிங்கு மேசை. அதைச் சுற்றி மர நாற்காலிகள். அங்கே போன தமிழர் முதன்முறையாக உட்கார்ந்தார். இதைச் சின்ன விஷயமாக நினைக்கவேண்டாம். கடை முதலாளியான தவுக்கேக்கு அவர் கூலிக்காரர் அல்லர், வாடிக்கையாளர். முன்பணம் கேட்பதில்லை. “பெரிய போத்தல் ஒன்னு, கிளாஸ் மூனு, ஐஸ்” என்றால் வந்துவிடும். காலிப் போத்தல்களை மேசைக் காலடியில் வரிசையாக வைத்துவிடுவார்கள், எழும்போது அவற்றை எண்ணிக் காசு. ஒரு போத்தலை ஒருவரே குடிப்பது அங்கே வழக்கமில்லை. சீனர்கள் தம் கிளாசை நிரப்புமுன் பக்கத்தில் இருப்பவர் கிளாசை நிரப்புவார்கள். எல்லோரும் எழுந்து நின்று மூச்சு நீளும்வரை “யாம் செங்” என்பார்கள். நம்மவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். இன்று மலாக்காத் தமிழர் கல்யாண விருந்திலும் அந்தக் கூச்சலைக் கேட்கலாம்.

ஆனால் தமிழர் தம் முறையை முழுக்க விட்டுவிடவில்லை. ஆங்கிலேயர் போலச் சுற்றுக்கு ஓர் ஆள் என்று கணக்கு வைப்பது நம்மிடம் ஒட்டவே இல்லை. கூட்டிக்கொண்டு போனவர் செலவு அவருடையது. “இன்னிக்கு நம்ம கணக்கு, நீங்க சும்மா இருங்க மாமா” என்று கையைப் பிடித்துத் தடுப்பார்கள். அடுத்தவர் தவுக்கேயிடம் முன்னதாகவே போய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்வார், அதில் ஒரு செல்லச் சண்டை நடக்கும். மூத்தவர் முன் இளையவர் குடிப்பதில்லை என்பதும் அப்படியே. சித்தப்பா ஒரு மேசையில் இருந்தால் மகன்முறையானவர் கண்டும் காணாததுபோல் பின்பக்க மேசைக்குப் போய்விடுவார். சித்தப்பாவும் கண்டுகொள்ளமாட்டார். சீன நண்பர்களுக்கு இது புரிவதே இல்லை. அவர்கள் தகப்பனும் மகனும் ஒரே போத்தலில் ஊற்றிக்கொள்கிறவர்கள்.

உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பில் ஜூன் 29இல் சான் பெத்ரோ திருவிழா நாளில் போய்ப் பார்த்தால் இன்னொரு முறை தெரியும். அங்கே கடலோரம் மேசை போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பாட்டியும் பேத்தியும் அதே மேசையில். யாருக்கும் ஒளிய வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், நம் மொழியையே பேசும் தமிழ் முஸ்லிம் அண்ணன்மார்களின் உணவகங்கள். அங்கே மதுவே இல்லை, ஆனால் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டு மணிக்கணக்கில் பேசும் மேசைக் கலாசாரம் முழுமையாக உண்டு. தே தாரேக் ஒன்றை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை அரசியல் பேசலாம். கூடிப் பேச மது தேவையில்லை என்பதற்கு இந்த நாட்டிலேயே அதைவிட நல்ல சான்று இல்லை.

கோப்பிக் கடை மேசையிலும் தமிழ்ப் பெண்ணுக்கு இடமில்லை. அவளுக்கு ஸ்டவுட் வீட்டுக்கு வந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் கின்னஸ் வாங்கிக் கொடுப்பது சீனரிடமும் தமிழரிடமும் இருந்த பழக்கம். போத்தலில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தைக் காட்டியே மூன்று இனத்தாரும் அதைக் கடையில் கேட்டு வாங்கினார்கள். எழுத்து தெரியாதவருக்கும் அந்தப் படம் போதுமானதாக இருந்தது. மருத்துவர்கள் இன்று அதை ஏற்பதில்லை. சரிதான். ஆனால் வாழ்நாள் முழுக்க அவள் கேட்காமலே அவளுக்கென்று வாங்கப்பட்ட ஒரே போத்தல் அது.

தமிழ்நாட்டு நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1971இல் அது தளர்ந்தது, 1987 முதல் அங்கே கள் இறக்கத் தடை, 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில். கம்பி வலைக்குள்ளிருந்து நீளும் கைக்குக் காசைக் கொடுத்துக் குவார்ட்டரை வாங்கிக்கொண்டு போகிறவரைப் பார்க்கும்போது, வெள்ளைக்காரத் தோட்டத்துக் கள்ளுக்கடை ஞாபகம் வராமல் இருக்காது. சுதந்திர அரசும் அதே சாளரத்தைத்தான் வைத்திருக்கிறது. மலாக்காவில் வாழும் நாம் அந்தக் காட்சியைப் பார்த்து மேட்டிமை கொள்வதற்கு ஒன்றும் இல்லை. நம் சாளரம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

1950களிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டபோது, கள்ளுக்கடைக்குப் போன காசு தோட்டத்தையே வாங்கக்கூடிய காசு என்பது வெளிச்சமாயிற்று. ஆனால் அந்தச் சங்கத்தால் தாங்க முடிந்தவர்கள் ஒரு பகுதிதான். மற்றவர்கள் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையைச் சுற்றியும் மலிவு அடுக்குமாடிகளிலும் வந்து ஒண்டினார்கள். தோட்டத்தோடு கோயில் போயிற்று, பள்ளி இடம் பெயர்ந்தது, கள்ளுக்கடையும் போயிற்று. சம்சு மட்டும் கூடவே வந்தது. மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பின்னால், சட்டைப் பையில் அடங்கும் சின்னப் போத்தலில் அது இருந்தது. காசைக் கொடுத்து வாங்கி, திறந்து, நின்றபடி ஊற்றிக்கொண்டு போய்விட முடிந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் பலர் மடிந்தார்கள். அவர்களில் நேபாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறைய. நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

இதில் அரசாங்கத்தின் வரிக்கும் பங்கு இருக்கிறது. 2016 மார்ச்சில் வரி முறை மாறியபோது, பீரில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 175 வெள்ளி என்று வைத்தார்கள். சம்சு வகைக் கலப்பு மதுவில் உள்ள அதே ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி. மேசையில் நாலு பேர் பகிர்ந்து குடிக்கும் போத்தலின் ஆல்கஹாலுக்கு, ஓர் ஆள் மூலையில் நின்று விழுங்கும் போத்தலின் ஆல்கஹாலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வரி. ஏழைக்கு மலிவாக இருக்கட்டும் என்ற கருணை இதில் இல்லை. மலிவு மதுவால் முதலில் சாகிறவர் ஏழைதான். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சம்சுக்கு எதிராகப் பல பத்தாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறது. 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆனது. 2020 அக்டோபரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருக்கான அளவும் தண்டனையும் கடுமையாயின. இவையெல்லாம் தேவையான சட்டங்கள். சம்சுக்கும் பீருக்கும் ஒரே வரி வைக்கும் துணிவு மட்டும் இன்னும் வரவில்லை.

நம் இயக்கங்களும் கட்சிகளும் இங்கே ஒன்று செய்யலாம். தீபாவளிக்குத் தீபாவளி குடிப்பழக்கம் பற்றி அறிவுரை வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஆல்கஹால் எந்தப் போத்தலில் இருந்தாலும் ஒரே வரி, சம்சுப் போத்தலுக்கு மளிகைக் கடையில் இடமில்லை என்ற இரண்டு கோரிக்கைகளை நாடாளுமன்றத்தில் வைக்கலாம். கூடவே, தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் குடியிருக்கும் ஒவ்வோர் அடுக்குமாடியின் கீழும் மாலையில் ஆணும் பெண்ணும் சும்மா உட்கார்ந்து பேச நாலு மேசை, பதினாறு நாற்காலி, ஒரு தேநீர்க் கடை கேட்கலாம். கிள்ளானில் 1941இல் எழுதிய தாளில் கூலிக்கும் கள்ளுக்கும் சைக்கிளுக்கும் இடம் இருந்தது. நாற்காலியையும் அதில் சேர்க்க வேண்டியது நம் வேலை.